ஒரு சிரிப்பு நேரம்

அந்தக் காலத்துல, அதாவது மிருகமும் பறவையும் நம்மள மாதிரியே பேசிக்கிட்டு, நம்மள விடக் கொஞ்சம் நாகரிகமா சண்டை போட்டுக்கிட்டு இருந்த காலத்துல, செம்புத்தண்ணி அருவிக்குப் போற பாதை நேரா இருந்துச்சு. நேரான்னா அப்படியொரு நேரு. மலைமேட்டுல நின்னு ஒரு நெல்லிக்காயை உருட்டி விட்டா, எதுலயும் முட்டாம மோதாம ஓடி, அருவி விழுற ஆழமான கசத்துல போய் 'தொபுக்'னு விழும்.

இப்ப அங்க நேஷனல் பார்க்குன்னு போர்டு வெச்சு, டிக்கெட்டு கிழிச்சு, பத்திரமாக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. போய்ப் பாருங்க. பாதை இந்தப் பக்கம் வளையுது, அந்தப் பக்கம் வளையுது, பக்கத்துல வந்துட்டு மறுபடி விலகிப் போகுது. கடன் குடுத்தவன் வீட்டு வாசலைத் தாண்டிப் போறவன் மாதிரி ஒரு நடை அதுக்கு. மலை அன்னைக்கும் இதே மலைதான். பாதைதான் வளைஞ்சு போச்சு. அதை வளைச்சது ஒரு பறவை. பேரு கொண்டையன்.

கொண்டையன் ஒரு கரிச்சான். எண்ணெய் தேய்ச்சு விட்ட மாதிரி பளபளன்னு கறுப்பு, நெத்தியில எப்பவும் சிலுப்பிக்கிட்டு நிக்கிற கொண்டை, செவந்த கண்ணு. வாலு மட்டும் இப்ப இருக்கிற கரிச்சான் வாலு கிடையாது. அடியிலேருந்து நுனி வரைக்கும் நிறைய இறகோட, சாமரம் மாதிரி நீளமா இருக்கும். அதை ஒரு தடவை இடமும் ஒரு தடவை வலமும் வீசிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான்.

அவனுக்கு ஒரு உத்தியோகம் இருந்துச்சு. சாதாரண உத்தியோகம் இல்ல.

கோடையில செம்புத்தண்ணி அருவி நூலா எளைச்சிரும். காட்டுல மத்த ஓடையெல்லாம் காஞ்சு, கசத்துல மட்டுந்தான் தண்ணி நிக்கும். அத்தனை பேரும் அங்கதான் வந்து குடிச்சாகணும். திங்கிறவனும் தின்னப்படுறவனும் ஒரே துறையில நின்னா என்னாகும்? முதல் கோடையில ஆகவேண்டியதெல்லாம் ஆச்சு. தண்ணி செவந்து போய், ஒருத்தரும் குடிக்க முடியாம நின்னாங்க. அப்பதான் ஆனைக் கூட்டத்துக்குப் பெரியவ, பேச்சியாத்தா, ஒரு ஏற்பாடு பண்ணினா.

"இனி முறை வெச்சுத்தான் குடிக்கணும். ஒருத்தன் குடிச்சிட்டு மேடேறிப் போன பெறவுதான் அடுத்தவனைக் கூப்புடுறது. எவன் முறையோ, அது முடியிற வரைக்கும் கசம் அவனுக்குச் சொந்தம். அடுத்தவன் முறையில வந்து காலை வெச்சா, வெச்சவன் பாடு. பெறவு எங்கிட்ட வந்து அழக்கூடாது."

சரி, யாரு கூப்பிடுறது? மயிலைப் போட்டுப் பாத்தாங்க. அது ஒரு அகவு அகவினதுல மலையில இருந்த அத்தனை பேரும் 'நம்மளைத்தான் கூப்பிடுது'ன்னு ஒண்ணா வந்து நின்னாங்க. ஆந்தையைப் போட்டாங்க. பொறுப்பானவருதான், ஆனா வெளிச்சம் வந்தா தூங்கிருவாரு. கடைசியில கொண்டையன் வந்து வாலை வீசிட்டுச் சொன்னான்: "ஆத்தா, அவங்கவங்க குரலுலயே கூப்பிட்டா என்ன? மிளா மானுக்கு மிளாக் குரலு, பன்னிக்குப் பன்னிக் குரலு. தன் குரலைக் கேட்டுத் தப்பா எடுத்துக்கிறவன் உண்டா?"

சொன்னதோட நிக்காம பேச்சியாத்தா குரலுலயே அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினான். ஆத்தாவே ஒரு நிமிஷம் திரும்பி, தன் பின்னால யாரோ நிக்கிறாங்களான்னு பாத்துட்டா.

அன்னையிலேருந்து கசத்தோரத்து நீர்மத்தி மரந்தான் கொண்டையனுக்கு ஆபீஸு. அங்கேருந்து பாத்தா பாதை மேடு வரைக்கும் தெரியும். அவன் போடுற குரல் அந்த நேர்ப்பாதை வழியா அம்பு மாதிரி மேல ஏறும். கூப்பிட்டாத்தான் வருவாங்க. கூப்பிட்டா யோசிக்காம வருவாங்க. முறை தப்பி அவன் ஒரு தடவை கூடக் கூப்பிட்டதில்ல. காடே காதை அவன்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா இருந்துச்சு.

இந்த அளவோட நின்னிருந்தா அவன் ஒரு நல்ல உத்தியோகஸ்தன், அவ்வளவுதான், கதையே கிடையாது. ஆனா குரல் எடுக்கத் தெரிஞ்சவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

நீர்மத்தி மரத்துலயே கருமந்திக் கூட்டம் ஒண்ணு இருந்துச்சு. எலையைத் தின்னுட்டு, செரிக்கிற வரைக்கும் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற கூட்டம். அதுக்குத் தலைவன் சங்கிலி. அவங்களுக்குக் கொண்டையன் தெனமும் குரல் வித்தை காட்டுவான். கரடி கொம்பையா கரையான் புத்துல மூக்கை விட்டுட்டுத் தும்முற தும்மல். பேச்சியாத்தா வயித்துக்குள்ள உருளுற சத்தம். முள்ளம்பன்னி பொஞ்சாதிகிட்ட 'கிட்ட வா'ன்னு கெஞ்சிட்டு, வந்ததும் 'எட்டிப் போ'ன்னு கத்துறது. மந்திங்க சிரிச்சுச் சிரிச்சு ரெண்டொண்ணு கீழயே விழுந்திருக்கு.

"எப்படிடே இது?"ன்னு சங்கிலி கேப்பான்.

"குரலு எவனுக்கும் வரும் மச்சான். சிரிப்பு குரலுல இல்ல. சொல்லப்போற சொல்லுக்கு முன்னால ஒரு அரை மூச்சு நிறுத்துறேன் பாரு, அதுலதான் இருக்கு. ஒரு அரை மூச்சு முந்திச் சொன்னா வீணு. பிந்திச் சொன்னாலும் வீணு."

அந்த அரை மூச்சுதான் அவன் பெருமை. பின்னால அவனைக் கவுத்ததும் அதேதான்.

அந்தக் கோடையில மாடத்தின்னு ஒரு மிளாவுக்குக் குட்டி பொறந்திருந்துச்சு. பேரு சீனி. காதுதான் முதல்ல வளந்துச்சு, உடம்பு அப்புறந்தான் வளரணும், அப்படியொரு குட்டி. ஒரு இடத்துல நிக்காது. மாடத்திக்கு அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை கட்டிப் போச்சு. ஆனா விடாமப் பழக்கிட்டா. "ஆத்தா கூப்புட்டா ஒரே கூப்புடுல வரணும், ஏன் எதுக்குன்னு நின்னு கேக்கக் கூடாது. தெரிஞ்சுதாட்டி?" அந்த மாசந்தான் சீனி அதைக் கத்துக்கிச்சு. ஒரே கூப்பிடு, வந்து நிக்கும். மாடத்தி அதைப் போற வாறவங்ககிட்ட எல்லாம் சொல்லிப் பூரிச்சுப் போனா.

ஒருநாள் உச்சி வெயிலு. செந்நாய்ங்க முறை. எட்டுப் பத்துச் செந்நாய் கசத்துல நக்கி நக்கிக் குடிச்சுக்கிட்டிருந்துச்சு. கொண்டையன் கிளையில சும்மா உக்காந்திருந்தான்.

"மாப்ள, ஒண்ணு எடுத்து விடேன்"ன்னான் சங்கிலி.

"வேலை நேரம்யா."

"என்ன பெரிய வேலை? இவனுங்க நாக்காலயே குடிச்சு முடிக்க வெயில் சாஞ்சிரும். மாடத்தி மதினி செய்யி. புதுசா ஏதோ வெச்சிருக்கியாம்லா."

கொண்டையனுக்கு நாக்கு ஊறுச்சு. வாலை இடமும் வலமும் வீசினான். மெள்ளமா, மந்திங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரி ஆரம்பிச்சான். "ஏட்டி சீனி... எங்கட்டி போன? காலு நாலு இருக்குன்னு நாலு பக்கமும் போவியோ?"

மந்திங்க சிரிச்சுது. ஆனா சங்கிலி உதட்டைப் பிதுக்கினான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மாடத்தி இல்ல. சளி புடிச்ச மாடத்தி."

எந்தக் கலைஞனைக் குத்தினாலும் ரத்தம் வராது, இப்படி ஒரு வார்த்தை சொன்னா வரும். கொண்டையன் நெஞ்சை நிமித்தினான். முழுத் தொண்டையையும் தொறந்தான்.

"ஏட்டி சீனீ! ஆத்தா இங்க காத்துக் கெடக்கேன், நீ எந்தச் சீமையில பவனி வார?"

நிறுத்தினான். அரை மூச்சு. மந்திங்க வாயைப் பொத்திக்கிட்டுக் காத்திருந்துச்சு.

"வாட்டி இங்க!"

மரமே குலுங்குச்சு. ஒரு மந்தி வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சாய்ஞ்சுது, இன்னொண்ணு வாலுல தலைகீழாத் தொங்கிக்கிட்டுச் சிரிச்சுது, சங்கிலி கிளையைப் பட்டுப் பட்டுன்னு அறைஞ்சான். கொண்டையன் வாழ்க்கையிலயே அப்படி ஒரு சிரிப்பை வாங்கினதில்ல.

அந்தச் சிரிப்புக்கு நடுவுல அவன் பாதையைப் பாத்தான்.

மேட்டுல ரெண்டு பெரிய காது தெரிஞ்சுது. சீனி. ஒரே கூப்பிடுல, ஏன் எதுக்குன்னு கேக்காம, நேர்ப்பாதையில துள்ளித் துள்ளி வந்துக்கிட்டிருந்துச்சு.

நேரம் இருந்துச்சு. அதைத்தான் நீங்க கவனிக்கணும். நல்ல நேரம் இருந்துச்சு. மிளாங்க ஆபத்துன்னா போடுற 'டாங்க்'னு ஒரு சத்தம் இருக்கு. அதை ஒரு தடவை போட்டிருந்தா குட்டி அப்படியே திரும்பி ஓடியிருக்கும். கொண்டையன் அதுக்கு மூச்சும் இழுத்துட்டான். ஆனா சிரிப்பு அப்பதான் உச்சியில இருந்துச்சு. இப்ப 'டாங்க்'னா அது பொசுக்குன்னு அடங்கிப் போகும். இந்தச் சிரிப்பு மட்டும் முடியட்டும்னு, நினைச்சான்னு கூடச் சொல்ல முடியாது, அவன் தொண்டை தானா ஒரு அரை மூச்சு நின்னுச்சு. பழக்க தோசம்.

அப்புறம் போட்டான். "டாங்க்!"

அதுக்குள்ள சீனி கசத்தோரத்து ஈரப் பாறையில காலை வெச்சிருந்துச்சு.

மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். தண்ணி கலங்கித் தெளிஞ்ச பெறகு செந்நாய்த் தலைவன் மரத்தை அண்ணாந்து பாத்துச் சொன்னான்: "எங்க முறை. அது வந்துச்சு. நாங்க தேடிப் போகல." அவன் சொன்னதுல ஒரு எழுத்து கூடத் தப்பு கிடையாது. அவன் போயிட்டான்.

மந்திங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல. அவங்க மூஞ்சி அன்னைக்குக் கறுத்ததுதான், இன்னைக்கு வரைக்கும் வெளுக்கல.

பொழுது சாயிறதுக்கு முன்னால பேச்சியாத்தா எல்லாரையும் மேட்டுல கூட்டினா. மாடத்தி நடுவுல நின்னா. அவ அழல. ஒவ்வொருத்தர் முகமாப் பாத்து ஒரே கேள்விதான் கேட்டா.

"எம்புள்ள கூப்புடாம போவாது. யாரு கூப்புட்டா?"

கரடி கொம்பையா தலையைச் சொறிஞ்சான். "நான் புத்துகிட்ட நின்னேன், தங்கச்சி. சத்தியமாச் சொல்லுதேன், ஒன் குரலுதான் கேட்டுச்சு. 'வாட்டி இங்க'ன்னு நீதான் கூப்புட்ட."

மாடத்தி திரும்பிக் கொண்டையனைப் பாத்தா. "நீ கூப்புட்டியா, கொண்டையா?"

மந்திக் கூட்டம் மொத்தமும் தரையைப் பாத்துச்சு. கொண்டையனுக்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னால ஒரு அரை மூச்சு நின்னான் பாருங்க, அந்த நிறுத்தத்துல வேற ஒண்ணு முந்திக்கிச்சு.

"மதினி... முறை இல்லாதப்ப நான் எதுக்கு மதினி கூப்பிடப் போறேன்?"

வாழ்நாள்ல அவன் அவ்வளவு கச்சிதமா எதையும் சொன்னதில்ல. குரல்ல கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் 'என்னையா கேக்குறீங்க'ங்கிற மாதிரி. எல்லாரும் நம்பினாங்க. ஏன் நம்ப மாட்டாங்க? முறை தப்பி அவன் கூப்பிட்டதே இல்லையே. பேச்சியாத்தா கூடத் தலையை ஆட்டினா: "அவன் அப்படிச் செய்யிறவன் இல்ல."

மாடத்தி ரொம்ப நேரம் யோசிச்சா. அப்புறம் சொன்னா: "அப்ப நாந்தான் கூப்புட்டிருக்கேன். வெயிலுக்குக் கண்ணசந்து கெடந்தேன். கனவுல கூப்புட்டுட்டேன் போல. பாவி, எவ்வாயே எம்புள்ளைய..."

அதோட வாயை மூடினவதான். ஒரு சத்தம் கிடையாது. பேச்சு கிடையாது. தன் வாயைத் தானே நம்பாதவ எப்படிப் பேசுவா?

மறுநாள் மிளாங்க முறை வந்துச்சு. கொண்டையன் கூப்பிடணுமே. மாடத்தியைக் கூப்பிட அவன்கிட்ட இருக்கிறது மாடத்தி குரல் ஒண்ணுதான். போட்டான். மத்த மிளாங்க எல்லாம் வந்துச்சு. மாடத்தி அந்தக் குரலைக் கேட்டதும் அடி வாங்கினவ மாதிரி காதை ஒட்ட வெச்சுக்கிட்டு, புதருக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டா. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும். வெயில் கொளுத்துச்சு. அவ வெலா எலும்பு மேட்டுலேருந்தே தெரிஞ்சுது. இன்னும் ரெண்டு மூணு நாள் தண்ணி போகலைன்னா அவ கதையும் முடிஞ்சிரும்னு காட்டுக்கே தெரிஞ்சுபோச்சு.

கொண்டையனுக்கு இரை இறங்கல. சங்கிலி பக்கத்துல வந்து உக்காந்து, குரலைத் தாழ்த்தினான்.

"விடு மாப்ள. நீ வேணும்னா செஞ்ச? தெரியாம நடந்துச்சு. இப்பப் போய் வாயத் தொறந்தா உன் உத்தியோகமும் போவும், எங்க தலையும்லா உருளும்."

"தெரியாம நடந்தது கூப்பிட்டது மட்டுந்தான் மச்சான்."

"பெறவு?"

கொண்டையன் மேட்டுப் பக்கம் பாத்தான். அந்த அரை மூச்சு அவனுக்கு மட்டுந்தான் தெரியும். சொல்லாட்டி உலகத்துல ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல. அதுதான் அவனைப் போட்டுத் தின்னுச்சு. யாராவது ஒருத்தர் கல்லெடுத்து எறிஞ்சிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு அவனுக்கு. எல்லாரும் 'பாவம், கொண்டையனுக்கு எவ்வளவு வருத்தம் பாரு'ன்னு வேற பேசிக்கிட்டாங்க.

கடைசியில போனான். மாடத்தி படுத்திருந்த புதருக்கு மேல ஒரு தாழ்ந்த கிளையில உக்காந்தான். வாலை வீசல. 'மதினி, நாந்தான்'னு சொல்ல வாயைத் தொறந்தான்.

வந்தது கரடி கொம்பையா தும்மல்.

அவனுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. மறுபடி தொறந்தான். பேச்சியாத்தா வயித்துச் சத்தம் வந்துச்சு. மறுபடி. முள்ளம்பன்னி கெஞ்சுது. என்ன செஞ்சாலும் அடுத்தவங்க குரலுதான் வருது. அவன் பொறந்ததுலேருந்து ஊரு குரலையெல்லாம் எடுத்தானே தவிர, தன் குரல் எப்படி இருக்கும்னு ஒருநாளும் கேட்டுப் பாத்ததில்ல. இப்ப வேணும்னு தேடினா தொண்டையில அது இல்ல. மன்னிப்பை இரவல் குரலுல கேக்க முடியுமா? கேட்டாலும் அது கொம்பையா கேட்ட மாதிரியில்ல இருக்கும்?

மாடத்தி மெள்ளத் தலையைத் தூக்கி அவனைப் பாத்தா. அத்தனை நாளைக்கு அப்புறம் அவ பேசினது அப்பதான். காத்து மாதிரி ஒரு குரலு.

"நல்லாத்தான் செய்யுத, கொண்டையா. என்னைச் சிரிக்க வெக்கணும்னு பாக்குத. ஒன் நல்ல மனசு. எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேங்குது."

இதுக்கு அவ அவனை மிதிச்சிருக்கலாம். கொண்டையன் அங்கேருந்து எப்படிப் பறந்தான்னே அவனுக்குத் தெரியல. நேரா அருவிகிட்டப் போய் விழுந்தான்.

அருவி நூலா விழுந்துக்கிட்டிருந்துச்சு. நூலுதான்னாலும் அந்த உசரத்துலேருந்து விழுறப்ப சாட்டை மாதிரி இருக்கும்.

"என் குரல் எங்க?"ன்னு கேட்டான். கேட்டது மயில் குரலுல.

அருவி சொல்லுச்சு: "யாரு கேக்கிறது? மயிலா?"

"இல்ல, நான் கொண்டையன்." அது பன்னிக் குரலுல.

"காடு முழுக்க ஒன் வாய்க்குள்ள நெறைஞ்சு கெடக்கு. நீ எங்க போய் நிப்ப? எம்மேல வந்து நில்லு. எஞ்சத்தத்துல வேற எந்தச் சத்தமும் நிக்காது. எல்லாம் கழுவிப் போன பெறவு மிச்சம் ஏதாவது இருந்தா, அது ஒன்னோடது. ஒண்ணுமே இல்லாமலும் போவலாம். அதுக்குத் துணிஞ்சா வா."

கொண்டையன் அருவிக்குள்ள போனான். பின்பாறையில ஒரு விரிசல்ல காலை ஊனிக்கிட்டு நின்னான். தண்ணி தலையில அறைஞ்சுது. வாயைத் தொறந்தான். மயில் போச்சு. பன்னி போச்சு. கொம்பையா தும்மல், ஆத்தா வயித்துச் சத்தம், எல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வந்து தண்ணியோட கரைஞ்சு போச்சு. மாடத்தி குரல் வந்தப்ப மட்டும் வாயை மூடிக்கலாமான்னு பாத்தான். மூடல. 'வாட்டி இங்க'ன்னு அது வெளிய வந்துச்சு. வந்து, கசத்துல விழுந்துச்சு. அவன் அழகு வாலைத் தண்ணி அடிச்சு அடிச்சு, நடு இறகையெல்லாம் உரிச்சு, ரெண்டு வெறுங்கம்பியும் நுனியில துடுப்பு மாதிரி ஒட்டினது கொஞ்சமுந்தான் மிச்சம் வெச்சுது.

ஈரமும் நடுக்கமுமா அவன் வெளிய வந்தான். வாயைத் தொறந்தான். கரகரன்னு, துருப்பிடிச்ச கீல் திறக்கிற மாதிரி, சின்னதா ஒரு சத்தம். அவ்வளவுதான். காட்டுலயே பெரிய குரல்காரனோட சொந்தக் குரலு அந்த லட்சணத்துல இருந்துச்சு. யாருக்கும் எடுத்துக் காட்ட லாயக்கில்லாத குரலு.

அதோடதான் மாடத்திகிட்டப் போனான். இந்தத் தடவை கிளையில உக்காரல. தரையில, அவ மூக்குக்கு நேரா.

"மதினி."

அவ காதைத் திருப்பினா. "யாரு? எனக்கு இந்தக் குரலு தெரியாதே."

"நான் கொண்டையன். உங்க குரலுல கூப்பிட்டது நாந்தான். நீங்க கூப்பிடல. உங்க வாயி ஒரு தப்பும் செய்யல. சிரிக்கிறதுக்காக நான் செஞ்சேன். கேட்டப்ப இல்லைன்னு சொன்னேன்."

மாடத்தி அவனை உத்துப் பாத்தா. அப்புறம் கேட்டா.

"அவ வாறத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சத்தம் குடுக்க நேரம் இருந்துச்சா?"

இப்பவும் தொண்டை நின்னு பாத்துச்சு. அவன் நிக்க விடல.

"இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு சிரிப்பு நேரம், மதினி."

மாடத்தி எந்திரிச்சா. அவன் கண்ணை மூடிக்கிட்டான், மிதிக்கட்டும்னு. அவ மிதிக்கல. திட்டல. மன்னிச்சேன்னும் சொல்லல. முன்னங்காலால தரையை ஒரு தட்டுத் தட்டினா, இது நாந்தான்னு தனக்கே சொல்லிக்கிற மாதிரி. அப்புறம், அத்தனை நாளா மூடியிருந்த வாயைத் தொறந்து, மலை முழுக்கக் கேக்குற மாதிரி, தன் குரலுல, ஒரே ஒரு தடவை, "டாங்க்"ன்னா.

அப்புறம் கசத்தைப் பாத்து நடந்தா. யாரும் கூப்பிடல. நேர்ப்பாதையிலயும் போகல. கொஞ்ச தூரம் வலது பக்கமாப் போய், ஒரு பாறைக்குப் பின்னால நின்னு, எட்டி, கசத்துல யாரு நிக்கிறாங்கன்னு கண்ணால பாத்தா. அப்புறம் இடது பக்கமாத் திரும்பி, ஒரு மரத்துப் பின்னால நின்னு பாத்தா. இப்படி நின்னு நின்னு, வளைஞ்சு வளைஞ்சு போய், தண்ணியில வாயை வெச்சா. வயிறு நிறையக் குடிச்சா. கொண்டையன் தூரத்துலேருந்து அதைப் பாத்துக்கிட்டே இருந்தான்.

சேதி காட்டுக்குத் தெரிஞ்சுது. கொண்டையனே மரம் மரமாப் போய் அந்தக் கரகரக் குரலுல சொன்னான். அரை மூச்சையும் சேத்துத்தான் சொன்னான். கொம்பையா காறித் துப்பிட்டுப் போனான். பேச்சியாத்தா மட்டும் சொன்னா: "காடே ஒன்னை நம்பிக் காதைக் குடுத்துச்சு. இனி அதை வாங்கிக்கிடுதோம். கண்ணு எங்ககிட்ட இருக்கு." சொல்லிட்டு அவளும் மாடத்தி போன தடத்துலயே காலை வெச்சு, ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு பாத்துப் பாத்து இறங்கினா. ஆனை நடந்தா அது பாதை. பின்னால பன்னி போச்சு, கரடி போச்சு, செந்நாயும் போச்சு. நேர்ப்பாதையில புல்லு மொளைச்சு, முள்ளு மொளைச்சு, மூடிப் போச்சு.

கொண்டையனுக்குக் கழுவிப் போன குரலெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாத் திரும்பி வந்துச்சு. கை வித்தை போகுமா? ஆனா அந்தக் குரல்கள்ல ஒரு சொல்லு மட்டும் வரவே இல்ல. எந்தக் குரலுல எடுத்தாலும் 'ஓடு'ன்னு வரும், 'நில்லு'ன்னு வரும், 'ஆபத்து'ன்னு வரும். 'வா'ன்னு மட்டும் வராது. அவனும் அதை வரவழைச்சுப் பாக்கல. யாரும் கேக்காமலே, சம்பளமில்லாம, மத்த பறவைங்க பின்னாடியே சுத்திக்கிட்டு, பருந்தோ பூனையோ தெரிஞ்சா முன்னாடி கத்துறவன் ஆயிட்டான். பாத்ததும் கத்துவான். அரை மூச்சு கூட நிறுத்த மாட்டான்.

அன்னைக்குப் புடிச்சுதான் செம்புத்தண்ணி அருவிக்குப் போற பாதை அப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது, அந்தக் காட்டு மிளா காலால தரையைத் தட்டிட்டுத்தான் குரல் குடுக்குது, கரிச்சான் ரெண்டு கம்பி வாலோட ஒவ்வொரு திருப்பத்துலயும் நமக்கு முன்னால போய் உக்காந்து, ஊருக் குரலையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து வெச்சுட்டு, கடைசியில கரகரன்னு ஒரு சின்னச் சத்தம் போடுது. அது அதோட சொந்தக் குரலு. அதைக் கேட்டு இதுவரைக்கும் யாரும் சிரிச்சதில்ல.